கிரேசி மோகன் நாடக ஒளித்தட்டு: வாங்கலாமா?

2019 ஜூன் 10 அன்று நகைச்சுவை நாடக எழுத்தாளர் கிரேசி மோகன் மறைந்தபோது, அவர் நாடகங்களில் வரும் மாது, ஜானகி என்ற பெயர்களைக் கேட்டாலே சிரித்துவிடும் எங்களைப் போன்ற ரசிகர்களுக்கு வீட்டில் ஒருவரை இழந்தது போலவே இருந்தது. அந்தத் துக்கத்தில் வாங்கியதுதான் இந்த நாடக ஒளித்தட்டு. படம் தெளிவாகவே இருக்கிறது. ஆனால் அரங்கத்தின் சிரிப்பொலி வசனத்தை மூழ்கடிக்கும் இடங்களில் ஒலியைச் சீர்செய்யாமல் விட்டிருக்கிறார்கள். ஒரு சொல்லைத் தவறவிட்டால் அதைத் தொட்டு வரும் அடுத்த சிலேடையும் கைநழுவிப் போகும் எழுத்துக்கு இது பெரிய குறைதான். இருந்தாலும் தயங்காமல் வாங்கலாம். தம்பி மாது பாலாஜி கேள்வியை முடிப்பதற்குள், முகத்தில் சலனமே இல்லாமல் மோகன் பதில் சொல்லும் காட்சியை நான்கு முறை திருப்பிப் போட்டுப் பார்த்தோம். அம்மா சிரித்துக்கொண்டே முந்தானையால் கண்களைத் துடைத்துக்கொண்டார்.