மன்னார்குடி மரச்செக்கு எண்ணெய்: பால் கொடுக்கிறவள் பார்த்தது

தலைப்பிரசவத்துக்கு மன்னார்குடி அம்மா வீட்டுக்கு வந்து ஐந்து மாசம் ஆகிறது. வீட்டில் தாளிப்பதெல்லாம் கடைத்தெரு மரச்செக்குக் கடலை எண்ணெயில்தான். லிட்டர் 320 ரூபாய். வாசனை, ருசி இரண்டுமே அருமை. நான் எழுத வந்தது வேறு விஷயம்.

கல்யாணத்துக்கு முன்னால் பால் சொசைட்டியில் வேலை பார்த்தேன். பூஞ்சணம் பிடித்த புண்ணாக்கைத் தின்ற மாட்டின் பாலில் அப்ளாடாக்சின் எம்1 என்கிற பூஞ்சண நஞ்சு வரும் என்று அங்கேதான் தெரிந்துகொண்டேன். கிலோ பாலுக்கு 0.5 மைக்ரோகிராமுக்கு மேல் கூடாது என்பது நம் நாட்டு வரம்பு. காய்ச்சினாலும் போகாது. தாய்க்கும் அதே கதைதான். பூஞ்சணம் பிடித்த கடலையிலோ மக்காச்சோளத்திலோ இருக்கிற அப்ளாடாக்சின் பி1 நஞ்சு ஈரலில் எம்1 ஆக மாறி, கொஞ்சம் தாய்ப்பாலிலும் இறங்கும். அதற்குப் பயந்து யாரும் பால் கொடுப்பதை நிறுத்திவிடாதீர்கள், தாய்ப்பாலுக்கு ஈடே கிடையாது. நாம் சாப்பிடுவதைப் பார்த்துச் சாப்பிட்டால் சரி. ரீஃபைன்ட் எண்ணெயில் சுத்திகரிக்கும்போதே இந்த நஞ்சு பெரும்பாலும் போய்விடும். செக்கில் அந்தச் சுத்திகரிப்பு கிடையாது. கடலை எப்படியோ எண்ணெயும் அப்படி.

ஐப்பசி அடைமழையில் ஒரு நாள் பிள்ளையை அம்மாவிடம் விட்டுவிட்டுச் செக்குக்குப் போய், கடைக்காரரிடம் "அண்ணே, ஆட்டுற கடலையைப் பார்க்கலாமா?" என்றேன். உள்ளே கூப்பிட்டுப் போனார். இரண்டு அக்காக்கள் முறத்தில் கொட்டிப் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். சுருங்கியது, கறுத்தது, சொத்தை எல்லாம் தனி டின்னில். அண்ணன் ஒரு பருப்பை எடுத்துப் பிளந்து காட்டினார். மேலே தோல் பளபளவென்றுதான் இருந்தது. உள் குழியில் மஞ்சளும் பச்சையுமாகப் பூஞ்சணம்.

"இதைப் புண்ணாக்குல சேர்த்துடுவீங்களா?"

"மாடு தின்னா பால்லதானே வரும் தங்கச்சி? அடுப்புல போட்டுருவோம்."

இந்த ஒரு பதிலுக்காகவே ஐந்துக்கு நான்கு கொடுக்கிறேன்.

ஒன்றைக் குறைத்தது மூட்டைகளுக்காக. வெறும் சிமெண்டுத் தரையில், சுவரை ஒட்டி அடுக்கியிருக்கிறார்கள். அடிமூட்டையைத் தொட்டால் சில்லென்று ஈரம். பூஞ்சணம் ஏறிய பிறகு எவ்வளவு பொறுக்கினாலும் முழுசாகப் போகாது, ஈரம் ஏறாமல் பார்ப்பதுதான் முதல் வேலை. பலகை போட்டு, சுவரை விட்டுத் தள்ளி அடுக்கச் சொன்னேன். அப்புறம், தஞ்சாவூரில் இருக்கிற நிஃப்டெம் என்கிற மத்திய அரசு உணவுத் தொழில்நுட்ப நிறுவனத்தின் ஆய்வகத்தில் எண்ணெயைக் கொடுத்து, நஞ்சு இருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துவிடுங்கள் என்றும் சொன்னேன். தீபாவளி கழியட்டும் என்றார். கார்த்திகையும் பிறந்துவிட்டது, பலகை வரவில்லை. போன வாரம் மேல்மூட்டையைப் பிரிக்கச் சொல்லி, கூடவே நின்று ஆட்டி வாங்கி வந்தேன்.