சித்திரைக்குக் கோடி எடுத்த கடை

வருடப்பிறப்புக்கு அம்மம்மாவுக்குச் சீலை எங்கே எடுத்தது என்று நாலைந்து பேர் கேட்டுவிட்டார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட எழுதிவிடுகிறேன். யாழ்ப்பாணம் பெரியகடைப் பக்கம், ஒரு ஒழுங்கையின் கோடியில் இருக்கிற சின்னத் துணிக்கடை அது. பெயர் போடவில்லை, ஏனென்றால் கடைக்கார ஐயாவிடம் எழுதலாமா என்று கேட்டபோது, "எழுதுங்கோ பிள்ளை, பெயர் மட்டும் போடாதையுங்கோ, வாற சனத்துக்குச் சீலை விரிச்சுக் காட்டவே எனக்கு ரெண்டு கைதான் இருக்கு" என்றார். தேடிப் போகிறவர்கள் பெரியகடையில் யாரிடமாவது "நூல் சீலை விக்கிற ஐயா" என்று கேளுங்கள், காட்டிவிடுவார்கள்.

முதலில் போன வருடக் கதை. நகரில் ஒரு பெரிய கடையில், வருடப்பிறப்புக்கு இரண்டு நாள் முன்பு, நெரிசலுக்குள் நின்று ஒரு சீலை எடுத்தேன். வீட்டில் அம்மம்மா பையிலிருந்து எடுத்து மடிப்பைப் பிரித்த உடனேயே முகம் மாறிவிட்டது. மடிப்புக்கு மேல் இன்னொரு மடிப்பு, தலைப்பு ஓரத்தில் யாரோ எண்ணெய்க் கையால் பிடித்த அடையாளம். அடுத்த நாள் பில்லோடு போனால், பண்டிகைக் காலத்தில் எடுத்தது மாற்றித் தர ஏலாது என்று முகத்தைக்கூடப் பார்க்காமல் சொல்லிவிட்டார்கள். அம்மம்மா சண்டை பிடிக்கவில்லை. மூலிகை மருத்துநீர் வைத்து முழுகிவிட்டு, பெட்டியிலிருந்து பழைய சீலை ஒன்றை எடுத்து உடுத்திக்கொண்டார். அந்தக் காலை எனக்கு இன்னும் மனதில் உறுத்துகிறது.

அதனால் இந்த முறை அவர் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: "எனக்குக் கோடி வேணும்."

கோடி என்றால் புதுத் துணி. கடையில் புதிதாக வாங்கியது எல்லாம் கோடி ஆகிவிடாது. தறியிலிருந்து வந்தபடி, தண்ணீர் படாமல், ஒருவர் மேலும் படாமல், கஞ்சி மணம் போகாமல் இருக்க வேண்டும். மலையாளத்தில் ஓணத்துக்குக் கொடுக்கிற புது உடுப்பை இன்றும் ஓணக்கோடி என்றுதான் சொல்கிறார்கள், அங்கே பிள்ளைகளுக்கும் தெரிந்த சொல் அது. எங்களிடம் எழுபது எண்பது வயதுக்காரரோடு நின்றுபோகும் போல இருக்கிறது. முதலில் ஏறிய கடையில் "கோடிச் சீலை இருக்கா?" என்று கேட்டேன், அந்தத் தம்பி அதை ஏதோ புதுக் கம்பனியின் பெயர் என்று நினைத்து உள்ளே போய் விசாரித்துவிட்டு வந்து, "அது இன்னும் வரேல்லை அக்கா" என்றான். அவனில் பிழை இல்லை. அவன் காதில் விழுகிற கோடி எல்லாம் நூறு இலட்சம்தான்.

ஒழுங்கைக் கடை ஐயாவிடமும் இதையேதான் கேட்டேன். நிமிர்ந்து பார்த்துவிட்டு, "கோடி ஆருக்குப் பிள்ளை? நல்ல காரியத்துக்கோ, செத்தவீட்டுக்கோ?" என்றார்.

இந்தக் கடையைப் பற்றி நான் சொல்ல வந்தது அந்தக் கேள்விதான். பிறந்தநாளுக்கும் கோடி, வருடப்பிறப்புக்கும் கோடி, கடைசியில் உடம்பின் மேல் போர்த்துவதும் கோடி. எதற்கு என்று கேட்காமல் ஒருவருக்குத் துணியை எடுத்துக் கொடுக்க முடியாது என்று அவருக்குத் தெரிகிறது. வருடப்பிறப்புக்கு, எண்பத்தாறு வயது அம்மம்மாவுக்கு என்றேன். பஞ்சாங்கத்தில் சொன்ன நிறம் என்ன என்று கேட்டார், சொன்னேன், அந்த நிறம் கரையில் மட்டும் இருந்தால் போதும், அந்த வயதுக்கு உடம்பு வெள்ளையாக இருக்கட்டும் என்று மேல் தட்டிலிருந்து மூன்று சீலைகள் இறக்கினார்.

விரித்துக் காட்டிய விதத்தைச் சொல்ல வேண்டும். முழுவதையும் உதறவில்லை. கையைத் துடைத்துவிட்டு, கட்டைப் பிரித்து, சீலையின் கோடியை, அதாவது முனையை மட்டும் இழுத்து வெளிச்சத்தில் பிடித்தார். நெய்து முடிந்த இடத்தில் பாவு நூல் விரலகலத்துக்குக் குஞ்சம் போலத் தொங்கியது, யாரும் வெட்டித் தைக்கவில்லை. கரையோரமாக விரலை ஓட்டச் சொன்னார். ஊசி குத்தியது போலச் சின்னச் சின்னத் துளைகள் வரிசையாகத் தட்டுப்பட்டன. தறியில் துணி சுருங்காமல் இருக்க இரண்டு பக்கமும் இழுத்துப் பிடிக்கிற கட்டையின் முள் பட்ட இடமாம் அது. பிறகு மணந்து பார்க்கச் சொன்னார். கஞ்சியும் பச்சை நூலும் கலந்த அந்த மணம், சின்ன வயதில் தீபாவளிக்கு முதல் நாள் இரவு எங்கள் அலுமாரியில் இருந்த மணம்.

இன்னொரு ஆளுக்குச் சாரம் வெட்டிக்கொண்டே ஐயா சொல்லைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினார், நானும் பில் போட்ட பிறகும் அரை மணித்தியாலம் நின்றுவிட்டேன். அவருடைய தகப்பனார் காலத்தில் இந்தியச் சீலைக் கட்டுகள் தனுஷ்கோடியால் வருமாம். அங்கே கப்பலேறித் தலைமன்னார், பிறகு ரயில். "கோடியாலை கோடி வரும்" என்று வீட்டில் சொல்வார்களாம். தனுஷ்கோடி என்றால் வில்லின் நுனி, இராமர் வில்லால் காட்டிய இடம் என்பார்கள். 1964 டிசம்பர் 22 இரவு அடித்த புயல் அந்த ஊரையும் ரயில் பாதையையும் கொண்டுபோய்விட்டது. எங்கள் வடக்கிலும் அதே புயல் அடித்தது. கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கிற தரையின் முடிவுக்குக் கோடி என்று பெயர் வைப்பது இன்னோர் இடத்திலும் இருக்கிறது. காங்கேசன்துறையிலிருந்து கடலைத் தாண்டி ஐம்பது அறுபது கிலோமீட்டர் போனால் கோடிக்கரை. 2023 ஒக்டோபரில் நாகப்பட்டினத்துக்குக் கப்பல் தொடங்கி, நின்று, 2024 ஓகஸ்டில் திரும்பவும் தொடங்கியது. அதில் போய் உடுப்பு எடுத்து வருகிறவர்கள் இப்போது கோடிக்கரையைத் தாண்டித்தான் கோடி கொண்டு வருகிறார்கள்.

அப்புறம், நான் வீட்டுக்கு வந்து யோசித்தது ஒன்று. பருத்தித்துறைக்குத் தமிழில் பருத்தியின் பெயர். போர்த்துக்கேயர் அதே இடத்தைப் பாறை முனை என்றார்கள், அதிலிருந்துதான் ஆங்கிலத்தில் பொயின்ற் பெட்ரோ. ஒரே கரையைப் பார்த்து ஒருவருக்குத் துணியும் மற்றவருக்கு முனையும் தெரிந்திருக்கிறது. எங்கள் கோடி என்ற சொல்லுக்குள் இரண்டுமே கிடக்கிறது. வீட்டின் பின்பக்கத்தைக் கோடி என்கிறோம், தெருவின் முடிவும் கோடி, ஒன்றை நேரே சொல்லாமல் உணர்த்தினால் கோடி காட்டுவது. இப்படி ஒரு சொல்லை ஆயிரம் ரூபாய்த் தாளை எண்ணுவதற்கு மட்டும் வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் விட்டுவிடுவது எனக்கு உண்மையிலேயே கவலையாக இருக்கிறது.

சரி, கடைக்கு வருகிறேன். சீலை 4,800 ரூபாய், அப்பாவுக்கு எடுத்த வேட்டி 2,600. பெரிய கடைகளோடு பார்த்தால் சீலை கொஞ்சம் கூட, வேட்டி சரியான விலை. பேரம் பேசினால் குறைக்க மாட்டார், நான் கேட்டுப் பார்த்தேன். குறைகளும் இருக்கின்றன. காட் எடுக்க மாட்டார்கள், காசு கொண்டு போங்கள். உள்ளே வெளிச்சம் போதாது, நிறம் பார்க்க வாசலுக்குத்தான் கொண்டு வர வேண்டும், மழை நாளில் அதுவும் சரிவராது. மோட்டார் சைக்கிள் விட இடமில்லை. பிள்ளைகளுக்கும் இளம் ஆட்களுக்கும் எடுக்க அனேகமாக ஒன்றும் இல்லை, தங்கச்சி சுற்றிப் பார்த்துவிட்டு வெறுங்கையோடு வந்தாள். பண்டிகைக்கு ஒரு கிழமை முன்பாவது போங்கள், கடைசி நேரத்தில் போனால் நல்ல கரை எல்லாம் போய்விடும். மாற்றித் தருவீர்களா என்று கேட்டேன். "உடுக்காமல், நனைக்காமல் கொண்டு வந்தால் எப்பவும் மாத்தலாம், நனைச்சால் அது கோடி இல்லையே" என்றார்.

வருடப்பிறப்பன்று அம்மம்மா குளித்துவிட்டு வந்து, சீலையைப் பிரித்து, மூலையில் மஞ்சள் தொட்டு வைத்தார். கோடியின் கோடியில்தான் மஞ்சள் வைப்பது. போன வருடம் எண்ணெய் விரல் பட்டிருந்ததும் அதே இடத்தில்தான். உடுத்திவிட்டுக் கொய்யக மடிப்பை இரண்டு தரம் தடவிப் பார்த்தார், என்னிடம் கைவிசேஷக் காசு தரும்போது வழக்கத்தைவிட ஒரு தாள் கூட இருந்தது.

இரண்டு நாள் கழித்துத் தோய்த்தோம். கரை சாயம் போகுமோ என்று பயந்து தனி வாளியில் ஊறப் போட்டேன். ஒரு மணித்தியாலம் கழித்துப் பார்த்தபோது கஞ்சி மட்டும் கலங்கியிருந்தது, வாளித் தண்ணீரில் நிறம் ஒரு துளி இறங்கவில்லை. கோடிப்புறத்துக் கொடியில் காயப் போட்டிருக்கிறேன்.