சங்காயமும் ஐஸ் மீனும்: மோசமான கேம்கள், ஓர் ஒப்பீடு

ஏப்ரல் 15 வந்தால் எங்கள் பக்கம் விசைப்படகுகள் எல்லாம் கரைக்கு ஏறிவிடும். ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். பெரியவர்களுக்குப் பலகை மாற்ற, பெயிண்ட் அடிக்க, வலை சீர் பண்ண வேலை இருக்கும். இளவட்டங்கள் நேராக என் கடைக்கு வந்துவிடுவார்கள். தங்கச்சிமடத்தில் ஜெராக்ஸ், ஆன்லைன் விண்ணப்பம், கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கிற சின்னக் கடை. பின்பக்கம் இரண்டு பழைய கம்ப்யூட்டர்கள் கிடக்கும். உப்புக் காற்றில் மதர்போர்டு பச்சை பூத்துப் போவதும் நான் வினிகரும் பிரஷ்ஷுமாக உட்கார்ந்து தேய்ப்பதும் வழக்கமான கூத்து.

இந்த முறை அக்கா மகன் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்தான். "மாமா, காசு குடுத்து ஒரு கேம் வாங்கலாம்னு இருக்கேன். எது நல்லதுன்னு சொல்றதுக்கு ஆயிரம் பேர் இருக்கான். எது மோசம், எவ்வளவு மோசம், அத மட்டும் சொல்லுங்க."

போன வருஷம் வாங்கிய அடி அது. அதைப் பிறகு சொல்கிறேன்.

மோசத்தில் இரண்டு வகை உண்டு என்பது படகில் போகிறவனுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஒன்று சங்காயம். வலையில் கூடவே வந்த பொடி மீன், நசுங்கினது, பெயர் தெரியாதது. அள்ளிக் கோழித் தீவனத்துக்குப் போட்டுவிடுவார்கள். அதை யாரும் விலை கூடிய சீலா மீன் என்று சொல்லி விற்பதில்லை. இன்னொன்று, நாள்கணக்கில் ஐஸில் கிடந்த நிஜமான சீலா. தண்ணீர் தெளித்துப் பளபளவென்று கூடையின் மேல் வைத்திருப்பார்கள். செவுளைத் தூக்கினால்தான் வண்டவாளம் தெரியும். கேம்களையும் இந்தக் கணக்கில் பிரித்து, ஒவ்வொன்றாகப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம்.

சங்காயத்தின் ராஜா பிக் ரிக்ஸ். 2003-இல் வந்த லாரி ரேஸ் கேம். ராமநாதபுரத்தில் எப்போதோ வாங்கிய, ஏகப்பட்ட கேம் அடங்கிய ஒரு சிடியில் இருந்தது. கடை கம்ப்யூட்டரில் அது இன்றும் ஓடுகிறது. "ஓடுகிறது" என்பதைத் தாராள மனசோடு சொல்கிறேன். ரேஸ் தொடங்கியது. எதிராளியின் லாரி நகரவே இல்லை. ஐந்து நிமிஷம் காத்திருந்தோம், அது அப்படியே நின்றது. சரி, நாம் போவோம் என்று மருமகன் ஓட்டினான். வீட்டுக்குள் புகுந்தால் வீடு தடுக்கவில்லை. மரம் தடுக்கவில்லை. செங்குத்தான மலையில் தரையில் போகிற வேகத்திலேயே ஏறுகிறது. ஒரு பாலம் வந்தது. லாரி பாலத்தின் மேல் போகாமல் அதற்குள் மூழ்கி அடியில் போய், அந்தப் பக்கம் கரையேறியது.

"மாமா, இவனுக்குப் பாம்பன் பாலமே தேவையில்ல" என்றான்.

ரிவர்ஸ் கியர்தான் உச்சம். பின்னால் ஓட்டினால் வேகத்துக்கு எல்லையே இல்லை. பட்டனை விட்ட நொடியில் ஆணி அடித்த மாதிரி நிற்கும். கடைசியில் மூன்று கைப்பிடி வைத்த ஒரு கோப்பை வரும். அதோடு 'யூ ஆர் வின்னர்' என்று ஒரு வாழ்த்து. இங்கிலீஷ்காரனே கண்டுபிடித்துச் சிரித்த இலக்கணப் பிழை அது. சட்டவிரோதச் சரக்கை ஏற்றிக்கொண்டு போலீஸுக்குத் தப்பி ஓட வேண்டும் என்று அட்டையில் போட்டிருந்தார்கள். கேமுக்குள் சரக்கும் இல்லை, போலீஸும் இல்லை. பிற்பாடு கோளாறைச் சரி செய்ய பேட்ச் ஒன்று விட்டார்கள். அதற்கப்புறம் எதிராளி லாரி நகர்ந்தது, ஆனால் முடிவுக்கோட்டுக்கு முன்னாலேயே நின்றுவிட்டது. விமர்சகர்களின் மதிப்பெண்களைத் திரட்டும் மெட்டாகிரிட்டிக் தளத்தில் சராசரி நூற்றுக்கு 8. கேம்ஸ்பாட் தளம் பத்துக்கு 1 கொடுத்தது. அதற்குக் கீழே கொடுக்க அவர்களிடம் மதிப்பெண் இல்லை.

ஆனால் ஒன்று. அன்று சாயங்காலம் என் கடையில் நான்கு பேர் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். 8 மதிப்பெண் வாங்கிய கேம் கொடுத்த சிரிப்பு அது. 80 வாங்கியவை பல கொட்டாவிதான் வரவழைத்தன.

இதன் பக்கத்தில் 1999-இல் நின்டெண்டோ 64 என்ற டிவி கேம் பெட்டிக்கு வந்த சூப்பர்மேனை வைத்தால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். செய்தது டைட்டஸ் என்ற பிரெஞ்சு கம்பெனி. உலகத்திலேயே பலசாலியான ஆள், பறப்பவன், மலையைப் புரட்டுபவன். அவனை வைத்து என்ன செய்யச் சொன்னார்கள்? ஆகாயத்தில் தொங்கும் வளையங்களுக்குள் நுழையச் சொன்னார்கள். ஒன்று முடிந்தால் இன்னொன்று, நேரக் கணக்கு வேறு. அனுமார் ஒரே தாவில் கடல் தாண்டினார் என்று கதை கேட்டு வளர்ந்த கரையில் உட்கார்ந்துகொண்டு வளையம் எண்ணுவது என்னவோ போல இருக்கிறது. ஊர் முழுக்கப் பச்சை மூட்டம், பத்துக் கட்டடத்துக்கு அப்பால் ஒன்றும் தெரியாது. தூரத்துக் காட்சியை வரைந்து காட்ட அந்தச் சின்னப் பெட்டிக்குத் திராணி கிடையாது. அதை மறைக்க அது சூப்பர்மேனின் பலத்தை உறிஞ்சும் கிரிப்டோனைட் மூட்டம், வில்லன் செய்த மாயநகரம் என்று கதை கட்டினார்கள். வலை கிழிந்ததற்குச் சுறாவைக் குற்றம் சொல்வது மாதிரி. பிக் ரிக்ஸில் பொய் சொல்லக்கூட ஆள் இல்லை, இங்கே சாக்கு ரெடி. பிக் ரிக்ஸ் சிரிக்க வைத்தது, இது கையை வலிக்க வைத்தது. என் தராசில் சூப்பர்மேன்தான் கீழே.

அப்புறம் ஈ.டி. என்ற வேற்றுக்கிரகவாசி படத்தை வைத்து அட்டாரி என்ற அமெரிக்க கம்பெனி விட்ட கேம். உலகத்திலேயே மோசமான கேம் எது என்று பட்டியல் போடுகிறவர்கள் முதலில் இழுத்துப் போட்டு அடிப்பது இதைத்தான். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. 1982 கிறிஸ்துமஸ் விற்பனையைப் பிடிக்க வேண்டும் என்று ஹோவர்ட் ஸ்காட் வார்ஷா என்ற ஒற்றை ஆளிடம் வேலையைக் கொடுத்தார்கள். கிடைத்தது ஐந்து வாரம். அதே மனிதர் அதற்கு முன் செய்த யார்ஸ் ரிவெஞ்ச் அருமையான கேம். கையில் கெட்டிக்காரத்தனம் இருந்தது, காலண்டரில்தான் நாள் இல்லை. கேமில் ஈ.டி. எங்கே நடந்தாலும் குழிக்குள் விழும். கழுத்தை நீட்டி மெல்ல மிதந்து மேலே வந்தால், ஓரத்தைத் தொட்டு மறுபடி அதே குழி. கூட வந்த கையேட்டைப் படித்துவிட்டு ஆடினால் அதில் ஒரு ஒழுங்கு இருப்பது புரியும். கையேட்டை யார் படிக்கிறார்கள்?

விற்காமல் தங்கிய சரக்கை அட்டாரி 1983-இல் நியூ மெக்சிகோவின் அலமகோர்டோ குப்பைக் கிடங்கில் மற்ற கேம்களோடு சேர்த்துப் புதைத்தது. கட்டுக்கதை என்றே பலர் சொல்லிக்கொண்டிருந்தார்கள். 2014 ஏப்ரலில் தோண்டினார்கள். நசுங்கிய அட்டைப்பெட்டிகளோடு கேட்ரிட்ஜ்கள் வந்தன. வெளியே எடுத்தது சுமார் 1,300 கேட்ரிட்ஜ், அதில் ஈ.டி. ஒரு பங்குதான். வார்ஷா நேரில் வந்து பார்த்துக்கொண்டு நின்றார். 1964 புயலில் மணல் மூடிய தனுஷ்கோடியைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு மண்ணுக்குள்ளிருந்து ஒரு ஊர்க் கதை வெளியே வருவது புதிதில்லை. அது கிடக்கட்டும். ஐந்து வாரத்தில் ஒருவன் கட்டிய வள்ளம் ஒழுகினால், வள்ளத்தைத் திட்டுவதா, ஐந்து வாரம் கொடுத்தவனைத் திட்டுவதா? மதிப்பெண் அட்டையில் இதற்கு இடமே இல்லை.

இனி ஐஸ் மீன்.

சைபர்பங்க் 2077, 2020 டிசம்பர் 10-இல் வெளியானது. அதற்கு முன்னாலேயே விமர்சனங்கள் வந்துவிட்டன, மதிப்பெண்களும் பிரமாதம். காரணம், விமர்சகர்களுக்குக் கம்பெனி முன்கூட்டிக் கொடுத்தது கம்ப்யூட்டர் பதிப்பை மட்டும். தாங்கள் ஆடிய காட்சியைப் பதிவு செய்து காட்டவும் வெளியீட்டுக்கு முன் அனுமதி இல்லை. பழைய பிளேஸ்டேஷன் 4-இல் வாங்கியவர்களுக்குக் கிடைத்ததோ அடிக்கடி உறைந்து நிற்கும் நகரம், முகம் தெளியாத மனிதர்கள். ஒரே வாரத்தில், பிளேஸ்டேஷனை விற்கிற சோனி தன் ஆன்லைன் கடையிலிருந்தே அதை எடுத்துவிட்டுப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தது. மறுபடி விற்பனைக்கு வந்தது 2021 ஜூனில். கூடையின் மேல் மீனை மட்டும் காட்டினார்கள், அடி மீன் அழுகல். விமர்சகர்கள் யாரும் பொய் எழுதவில்லை, அவர்கள் பார்த்த மீன் நல்ல மீன். இப்போது, 2023-இன் 2.0 திருத்தத்துக்குப் பிறகு, அது நிஜமாகவே நல்ல கேம். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

ஜிடிஏ வரிசையின் மூன்று பழைய கேம்களைப் புதுப்பித்து, ராக்ஸ்டார் கம்பெனி 2021 நவம்பரில் விட்ட தொகுப்பு வேறு ரகம். இது நன்றாக இருந்ததைக் கெடுத்த குற்றம். மழை பெய்தால் திரை முழுக்க வெள்ளைக் கோடுகள், சாலையே தெரியவில்லை. போர்டுகளில் எழுத்துப் பிழைகள். மருமகன் கண்ணில் பட்டது இன்னொன்று. ஒரு டோநட் கடை வாசலில் பெரிய இரும்பு நட்டு ஒன்று சிலையாக நிற்கும், 'டஃப் நட்' என்று சொல் விளையாட்டு. பழைய கேமில் அதற்கு ஆறு மூலை. புதியதில் எல்லாவற்றையும் வழவழப்பாக்கும்போது அதன் மூலைகளையும் மழித்து உருண்டையாக்கிவிட்டார்கள். பழைய படமும் புதிய படமும் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். படகு இன்ஜின் கழற்றிப் பழகியவன் அவன். "மாமா, இதுல ஸ்பேனர் எங்க மாட்டுவான்?" என்று கேட்டான். ஒரு பக்கக் கட்டுரை எழுதியிருந்தாலும் இதற்கு மேல் சொல்லியிருக்க முடியாது. போதாக்குறைக்கு, புதியதை விற்பதற்காகப் பழைய மூன்றையும் கடையிலிருந்து எடுத்திருந்தார்கள். ராக்ஸ்டார் மன்னிப்புக் கேட்டு, பழையவற்றையும் திரும்ப வைத்தது. பிறகு வந்த திருத்தங்களில், முக்கியமாக 2024 நவம்பரில் வந்ததில், வெளிச்சமும் நிறமும் ஓரளவு பழைய வாசனைக்குத் திரும்பின.

தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ் கதையில் வரும் கோல்லம் என்ற பாத்திரத்தை வைத்து வந்த கேம் (2023) பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. வந்த மறுநாளே மன்னிப்பு, அடுத்த மாதமே கேம் செய்கிற பிரிவுக்குப் பூட்டு. பாவம். தி டே பிஃபோர் என்ற கேம் அதைவிட வேகம். 2023 டிசம்பர் 7-இல் வந்தது, நான்காம் நாள் கம்பெனி மூடல் அறிவிப்பு. வாங்கியவர்களுக்குப் பணம் திரும்பியது.

நம் நாட்டு மொபைல் கேம் ஃபௌஜியையும் தராசில் வைக்கத்தான் வேண்டும். பப்ஜி மொபைலுக்கு 2020 செப்டம்பரில் தடை வந்த சில நாளிலேயே அறிவித்து, 2021 ஜனவரி 26-இல் விட்டார்கள். பப்ஜிக்குப் பதில் என்று ஊரே நம்பிக்கொண்டிருந்தது. திறந்தால் துப்பாக்கியே இல்லை. இந்திய-சீன எல்லையில் இருக்கிற கல்வான் பள்ளத்தாக்கில் நடந்துகொண்டே கையாலும் கட்டையாலும் அடிக்க வேண்டும், கூட்டாளிகளோடு ஆடவும் வழியில்லை. பிளே ஸ்டோரில் நட்சத்திரம் மளமளவென்று இறங்கியது. நான் இதைச் சங்காயம் என்றும் சொல்ல மாட்டேன், ஐஸ் மீன் என்றும் சொல்ல மாட்டேன். சாளை பிடித்தவனிடம் சீலா கேட்ட கதை. ஆனால் சீலா வருகிறது என்று தண்டோரா போட்டபோது அவர்களும் சும்மாதானே இருந்தார்கள்?

இப்போது போன வருஷக் கதை. மருமகன் ஒரு புது கேமை இரண்டாயிரத்துச் சொச்சம் கொடுத்து வாங்கினான். கேம் பெயரும் வேண்டாம், கடை பெயரும் வேண்டாம். போன் ஹாட்ஸ்பாட்டில் இறக்கினான். நாளுக்கு ஒன்றரை ஜிபி டேட்டா, அதில் ரீல்ஸ் பார்த்தது போக மிச்சம்தான் கேமுக்கு. முப்பத்தொன்பது நாள் ஆனது. திறந்து பதினொரு நிமிஷத்தில் திரை கறுத்தது. எத்தனை தடவை திறந்தாலும் அதே இடத்தில் அதே கறுப்பு. பணம் கேட்டான். வாங்கிப் பதினான்கு நாள் தாண்டிவிட்டது என்று பதில் வந்தது.

விமர்சனம் எழுதுகிற யாரும் இந்தக் கணக்கைப் போடுவதில்லை. ஸ்டீம், எபிக் என்ற இரண்டு ஆன்லைன் கேம் கடைகளிலும் பொது விதி ஒன்றுதான்: வாங்கிப் பதினான்கு நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் பணம் திரும்பும். வேகமான ஃபைபர் இன்டர்நெட் வைத்திருக்கிறவனுக்கு இது நியாயமான விதி. சைபர்பங்க் கேட்பது 70 ஜிபி இடம். ஒன்றரை ஜிபி வீதம் இறக்கினால் 47 நாள். செவுளைத் தூக்கிப் பார்க்கிற உரிமை, மீன் கைக்கு வருவதற்கு ஒரு மாதம் முன்னாலேயே காலாவதி. அதே கேம், அதே விலை. ஹாட்ஸ்பாட்டை நம்பி இருக்கிறவனுக்கு மட்டும் அது இன்னும் கொஞ்சம் மோசமான கேம்.

ஆகவே இந்த வருஷத் தீர்ப்பு இப்படிப் போனது. சைபர்பங்க் நல்லதுதான், ஆனால் இப்போது அது குறைந்தபட்சம் 12 ஜிபி ராம் கேட்கிறது, அவன் லேப்டாப்பில் எட்டு. கழிந்தது. ஓசியில் ஒரு சாயங்காலம் சிரிக்க பிக் ரிக்ஸ், அது கடையிலேயே இருக்கிறது. காசு கொடுத்துத்தான் ஆக வேண்டும் என்றால், அடிபட்டுத் திருந்திய ஜிடிஏ தொகுப்பு. 45 ஜிபி. வீட்டில் உட்கார்ந்து இறக்கினால் முப்பது நாள். அதனால் ராமநாதபுரத்தில் ஃபைபர் வைத்திருக்கிற அவன் கூட்டாளி வீட்டுக்குப் போய், அங்கே உட்கார்ந்த பிறகுதான் பணத்தைக் கட்ட வேண்டும் என்று சொல்லி அனுப்பினேன். லேப்டாப்பைப் பையில் போட்டுக்கொண்டு, அவன் அம்மா கூட்டாளி வீட்டுக்கென்று கட்டிக் கொடுத்த நெத்திலிக் கருவாட்டையும் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினான்.

ராத்திரி பதினொரு மணிக்குப் போன் வந்தது.

"மாமா, மூணும் இறங்கிருச்சு. மழையில ஓட்டிப் பாத்தேன். ரோடு தெரியுது."

"எவ்வளவு நேரம்டா ஆடுன?"

"நாப்பது நிமிஷம்."

"அப்ப இன்னும் ஒரு மணி இருவது நிமிஷம் இருக்கு மாப்ள. மத்த ரெண்டோட செவுளையும் தூக்கிப் பாரு."