கடன் நெருக்கினால் இணக்கசபையா, சட்ட உதவியா?

2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று இலங்கை அரசு அறிவித்த பிறகு, 'வங்குரோத்து' யாழ்ப்பாணத்துத் தேநீர்க் கடைகளில்கூடப் பழகிய சொல்லாகிவிட்டது. ஆனால் நாமே நொடித்துப்போனால் காசில்லாமல் யாரிடம் யோசனை கேட்பது என்றால் பலர் விழிக்கிறோம்.

சீட்டுக் காசு, அயலவரிடம் வாங்கிய கைமாற்று போன்றவற்றுக்கு இணக்கசபையே நல்லது. இருதரப்பையும் பேசி இணங்க வைக்கும் அந்தச் சபை, 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்க மத்தியஸ்த சபைகள் சட்டப்படி இயங்குகிறது. பெரும்பாலும் வார இறுதியில் ஏதாவது ஒரு பாடசாலையில் கூடும். சட்டத்தரணி வந்து பேச முடியாது. அப்புக்காத்துக்குக் கொடுக்கக் காசில்லாதவருக்கு அதுவே பெரிய ஆறுதல். மாதம் இவ்வளவு என்று இருவரும் ஒத்துக்கொண்டால் எழுதிக் கையெழுத்திடலாம், முகம் முறியாது. ஆனால் கடன் கொடுத்தவர் மசியாவிட்டால் சபையால் கட்டளையிட முடியாது. இணக்கம் காணவில்லை என்று சான்றிதழ் எழுதிக் கொடுத்துவிடும். அதைக் கொண்டு அவர் நீதிமன்றம் போகலாம்.

நீதிமன்றக் கடிதம் வந்துவிட்டதா? அப்போது இணக்கசபையை நம்பிக் காலம் கடத்துவது மடத்தனம். 1978ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான, வசதியற்றவர்களுக்கு வழக்கில் உதவும் சட்ட உதவி ஆணைக்குழுவுக்கு யாழ்ப்பாணத்திலும் நிலையம் உண்டு. வழக்குப் பேசித் தருவதற்கு வருமானம் பார்ப்பார்கள். வரிசையும் இருக்கும், பொறுமை வேண்டும். ஆனால் வங்கிகள் பயன்படுத்தும் 1990ஆம் ஆண்டுக் கடன் அறவீட்டுச் சட்டத்தின்கீழ் வந்த வழக்கில், எதிர்வாதம் செய்வதற்கே முதலில் நீதிமன்றத்தின் அனுமதி பெற வேண்டும். அதற்குச் சட்டம் தெரிந்த ஆள் இல்லாமல் முடியாது. பணமில்லை என்று தெரிந்தே காசோலை கொடுத்திருந்தால் அது குற்றமுமாகும். அங்கேயும் முதலில் ஓட வேண்டியது இந்த நிலையத்துக்குத்தான்.

லீசிங் கணக்கில் வட்டி பிழை என்பது போன்ற முறைப்பாடுகளை முதலில் அந்த நிறுவனத்திடமே எழுத்தில் கொடுங்கள். பதில் திருப்தியில்லையென்றால் மத்திய வங்கியின் 1935 இலக்கத்தை அழைக்கலாம். கடனைத் தள்ளிவைக்கும் அதிகாரம் அவர்களுக்கு இருப்பதாக எண்ணிவிட வேண்டாம்.

இனி வங்குரோத்துக்கே வருவோம். கடனிறுக்க வகையற்றோர் பற்றி 1853இலேயே ஒரு கட்டளைச் சட்டம் இருக்கிறது. வங்குரோத்து என்று அறிவிக்கக் கேட்கும் மனு போக வேண்டியது மாவட்ட நீதிமன்றத்துக்கு. இணக்கசபையோ 1935ஓ அதில் ஒன்றும் செய்ய முடியாது. காணி உறுதியை ஈடு வைத்து வாங்கிய கடனில் காணியின்மீது வங்கிக்குள்ள பிடி, மனுப் போட்டதால் விடுபடாது. பிணை நின்ற மைத்துனரும் தப்பமாட்டார். ஆகவே சட்ட உதவி நிலையத்துக்குப் போகும்போது அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். கடிதம் வந்த உறையை எறிந்துவிடாதீர்கள். அது கையில் கிடைத்த நாளையும் அதன்மேல் எழுதி வையுங்கள்.