நிகான் 200-500: பள்ளிக்கரணையிலிருந்து மசாய் மாரா வரை

பறவை, விலங்கு படம் எடுக்கும் கிறுக்கு பிடித்தவர்கள் பலரிடம் இருக்கும் லென்ஸ் இது. 2015இல் வந்தது. 200 மி.மீ.யிலிருந்து 500 வரை ஜூம் ஆகும்; எண் கூடக் கூடத் தொலைவில் இருப்பது கிட்டே தெரியும். எவ்வளவு ஜூம் செய்தாலும் ஒளி நுழையும் திறப்பின் அளவு, அதாவது எஃப் 5.6, மாறாது. நான் இதை நிகான் டி500 கேமராவில் மாட்டி வருடக்கணக்காகச் சுமக்கிறேன். சுமக்கிறேன் என்றால் நிஜமாகவே சுமைதான்: லென்ஸ் மட்டும் 2,300 கிராம், கேமராவோடு மூன்று கிலோவைத் தாண்டும்.

இவ்வளவு நீள லென்ஸ் ஆப்பிரிக்காவுக்குத்தான் தேவை என்று நினைக்கிறார்கள். என் அனுபவம் நேர்மாறு. கென்யாவின் மசாய் மாரா வனவிலங்குக் காப்பகத்தில் சிங்கம் வண்டி நிழலிலேயே வந்து படுத்துக்கொள்ளும். டி500இன் சென்சார் சிறியது; 1.5 மடங்குக் கணக்கில் 200 என்பதே 300 போலத் தெரியும். பாதி நேரம் படத்தில் சிங்கத்தின் காது வெட்டுப்பட்டது, யானை வந்தபோது கைபேசியில்தான் எடுத்தேன். சென்னையின் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்கு வாருங்கள். ரேடியல் சாலை ஓரத்தில் நின்று முக்குளிப்பான் என்ற சின்ன நீர்ப்பறவையை 500 வைத்துப் பார்த்தாலும் ஒரு பழுப்புப் புள்ளிதான். அதைவிடப் பெரிய நீலத் தாழைக்கோழி கொஞ்சம் கருணை காட்டும். வேடந்தாங்கலில் கரையிலிருந்தே கூடுகள் தெரிவதால் அங்கே 500 தாராளம்.

அப்புறம் வெயில். சூரியன் ஏறியதும் தண்ணீருக்கு மேல் காற்று நெளியும். எந்த லென்ஸிலும் படம் கூர்மையாக வராது. பழவேற்காட்டில் பூநாரைகள் தொலைவில் நிற்பதால் இன்னும் மோசம். இதை ஃபோகஸ் கோளாறு என்று நினைத்து லென்ஸை சர்வீசுக்குக் கொடுப்பவர்களும் உண்டு. காலை எட்டரைக்குள் முடித்துவிட்டு இட்லி சாப்பிடப் போவதே நல்லது.

சென்னைவாசிகள் லென்ஸோடு சேர்த்தே வாங்க வேண்டியது டிரை கேபினெட், அதாவது ஈரத்தைக் கட்டுப்படுத்தும் பெட்டி. ஈரப்பதத்தை 40-50 சதவீதத்தில் வைத்தால் பூஞ்சை பயம் இல்லை. கடல் காற்று அடிக்கும் ஊரில் பீரோவில் துணியோடு வைப்பதெல்லாம் வேண்டாம். ஏசி அறையிலிருந்து நேராக வெளியே எடுத்தால் கண்ணாடி முழுக்கப் பனி மூடிவிடும். அதனால் காரில் போகும்போது பையை டிக்கியில் வைத்துவிடுவேன்.

வெளிநாட்டுப் பயணத்தில் லென்ஸைவிட மற்றவைதான் படுத்தும். கென்யாவுக்கு மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியைக் குறைந்தது 10 நாள் முன்னதாகப் போட்டாக வேண்டும்; கிண்டி கிங் நிலையத்தில் போடுகிறார்கள். சான்றிதழ் இல்லாமல் திரும்பினால் இங்கே தனிமைப்படுத்திவிடுவார்கள். மாராவில் ஜூலை முதல் டிசம்பர் வரை வெளிநாட்டவருக்கு நுழைவுக் கட்டணமே நாளுக்கு 200 டாலர். கைப்பைக்கு 7 கிலோ என்றால் பாதியை இந்த ஜோடியே தின்றுவிடும். பேட்டரிகளும் கைப்பையில்தான் வர வேண்டும். லென்ஸைத் தாங்க வைக்கும் பையான பீன் பேக்கைக் காலியாக எடுத்துப்போய் அங்கே அரிசி வாங்கி நிரப்பினேன். ஜீப்பில் முக்காலிக்கு இடமே இருக்காது. செலவைப் பார்த்தால் இலங்கை எவ்வளவோ மேல். விமானத்தில் ஏறி உட்கார்ந்தால் கொழும்பு வந்துவிடும், சிறுத்தைக்கு யாலாவும் வில்பத்தும் இருக்கின்றன. யாலாவின் ஜீப் நெரிசலுக்கு மனதைத் தயார்ப்படுத்திக்கொள்ளுங்கள், அவ்வளவுதான்.

இன்று புதிதாகத் தொடங்குகிறவர் என்றால் நிகானின் புதிய வகையான மிரர்லெஸ் (உள்ளே கண்ணாடி இல்லாத) கேமராவும் அதற்கான இசட் 180-600 லென்ஸும் வாங்கலாம். ஜூம் செய்தாலும் குழல் வெளியே நீளாது, எடையும் கொஞ்சம் குறைவு. பட்ஜெட் இடித்தால் பழைய 200-500ஐ மிரர்லெஸ்ஸில் மாட்ட உதவும் எஃப்டிஇசட் அடாப்டரோடு போடலாம், ஆட்டோஃபோகஸ் வேலை செய்யும். செகண்ட் ஹேண்டில் வாங்கும்போது மட்டும் கைபேசி டார்ச்சைப் பின்பக்கத்திலிருந்து அடித்து உள்ளே பாருங்கள். சிலந்தி வலை மாதிரி பூஞ்சை ஏதாவது தெரிந்தால் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வாங்காதீர்கள்.