சொந்த மேசையா, கிடைத்த மேசையா?

கோலாலம்பூரில் கே.எல். சென்ட்ரல் ரயில் நிலையம் பக்கம் முன்பு வேலை பார்த்த அலுவலகத்தில் எனக்கென்று ஒரு மேசை இருந்தது; இழுப்பறையில் மைலோ பொட்டலம், பிரிக்பீல்ட்ஸில் வாங்கிய குட்டிப் பிள்ளையார், ஒருநாள் வராவிட்டால் "எங்கே ஆளைக் காணோம்?" என்று கேட்கப் பக்கத்து மேசை அக்கா. இப்போதைய இடத்தில் செயலியில் பதிவு செய்தால்தான் நாற்காலி. சாயங்காலம் பிள்ளையார் லாக்கருக்குள் போய்விடுவார், பாவம். சரி, கணக்குப் பிரிவு ஆட்களோடு பழக்கமானதே இங்கேதான், அதை மறுக்க மாட்டேன்.

வீட்டிலிருந்து வேலை வேறு கதை: 2023 ஜனவரி முதல் மலேசிய வேலைச் சட்டப்படி அதை எழுதிக் கேட்கலாம், முதலாளி 60 நாளுக்குள் பதில் சொல்ல வேண்டும்.

என்னைக் கேட்டால், குழுவுக்கு ஒரு மூலையை ஒதுக்கிவிட்டு அதற்குள் யாரும் எங்கேயும் உட்காரட்டும். பசியாறப் போகும்போது கூப்பிட ஆளாவது இருக்கும்.