பூர்வகுடி சமூக நீதித் திட்டம், விக்டோரியா: அலுவலக மேசையிலிருந்து ஒரு ரிவியூ

ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தின் வடக்கில், மர்ரே ஆற்றை ஒட்டிய ஒரு ஊரில், பூர்வகுடி மக்களுக்கான சமூக நீதித் திட்டம் ஒன்றில், அதாவது கோர்ட், போலீஸ், அபராத விஷயங்களில் அவர்களுக்கு உதவும் திட்டத்தில், ஒப்பந்த வேலையில் இருந்தேன். நிர்வாக உதவி, ப்ராஜெக்ட் உதவி இரண்டையும் ஒரே ஆள் பார்க்க வேண்டிய வேலை. இதைப் பற்றி என்னிடம் இரண்டு விதமானவர்கள் கேட்கிறார்கள். கம்யூனிட்டி சர்வீஸஸ் டிப்ளமோ முடித்துவிட்டு இதற்கு விண்ணப்பிக்கலாமா என்று யோசிக்கிற நம் ஆட்கள், அப்புறம் அரசு இதற்குக் கொடுக்கிற பணத்துக்குப் பலன் ஏதாவது இருக்கிறதா என்று கேட்கிற நம் ஆட்கள். இரண்டு பேருக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

சேவை நல்ல சேவை. அரசுப் பணத்தில் ஓடுகிறவற்றில் நான் பார்த்தவரை மக்களுக்கு இவ்வளவு நெருக்கமாக இருப்பது வேறு இல்லை. ஆனால் அதன் தரம் நிற்பதே அலுவலக மேசையில் நடக்கிற சின்னச் சின்ன வேலைகளை நம்பித்தான், அந்த மேசைக்குத்தான் எல்லாவற்றுக்கும் கடைசியாகப் பணம் வருகிறது. ஐந்துக்கு எத்தனை என்றால், மக்களுக்குக் கிடைக்கிறதற்கு ஐந்தும் கொடுப்பேன், உள்ளே இருப்பவர்களுக்குக் கிடைக்கிற ஆதரவுக்கு இரண்டுக்கு மேல் கொடுக்க மனசு வரவில்லை.

பின்னணி தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. போலீஸ், சிறைக் காவலில் இறந்த பூர்வகுடி மக்களைப் பற்றி விசாரிக்க 1987-ல் ராயல் கமிஷன் (அரசின் உயர்மட்ட விசாரணைக் குழு) அமைத்தார்கள், 99 மரணங்களை ஆராய்ந்து 1991-ல் 339 பரிந்துரைகளோடு அறிக்கை கொடுத்தது. அதன் தொடர்ச்சியாகத்தான் 2000-ல் விக்டோரியா அரசும் பூர்வகுடி சமூகமும் முதல் அபொரிஜினல் ஜஸ்டிஸ் அக்ரிமெண்ட்டில் (பூர்வகுடி நீதி ஒப்பந்தம்) கையெழுத்துப் போட்டார்கள். 2018-ல் வந்த நான்காவது ஒப்பந்தத்துக்கு யோர்ட்டா யோர்ட்டா மொழியில் 'புர்ரா லொட்ஜ்பா டுங்குலுஜா' என்று பெயர். மாநிலத்தை ஒன்பது பிராந்தியங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் சமூகத்தினரும் போலீஸ், கோர்ட், கரெக்‌ஷன்ஸ் (சிறைத் துறை) அதிகாரிகளும் ஒரே மேசையில் உட்காரும் ஆலோசனைக் குழு உண்டு, அதற்குக் கீழே ஊர் அளவில் குழுக்கள். இவ்வளவு இருந்தும் நாடு முழுக்கப் பார்த்தால், மக்கள்தொகையில் நான்கு சதவீதம்கூட இல்லாத பூர்வகுடி மக்கள் சிறைகளில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேலாக இருக்கிறார்கள். அந்த நிலைமையை ஊர் மட்டத்தில் நின்று மாற்றப் பார்க்கிற ஆட்களுக்குத்தான் நாங்கள் பேப்பர் வேலை பார்த்தோம்.

வெளியே இருந்து பார்க்கிறவர்களுக்கு முதலில் கண்ணில் படுவது கூரி கோர்ட், பூர்வகுடி மக்களின் வழக்குகளில் தண்டனை முடிவு செய்கிற தனி அமர்வு. 2002-ல் சட்டம் வந்தது, அதே வருஷம் அக்டோபரில் ஷெப்பார்ட்டனில் முதல் அமர்வு. பிறகு சிறார்களுக்கு 2005-ல், அதற்கு மேலே உள்ள கவுண்ட்டி கோர்ட் அளவில் 2008-ல். நீதிபதி மேடையை விட்டுக் கீழே இறங்கி, நீள்வட்ட மேசையில் எல்லாரோடும் உட்காருவார், பக்கத்தில் எல்டர்கள் (சமூகம் மதிக்கிற மூத்தவர்கள்), எதிரே குற்றம் சாட்டப்பட்டவர், அவருடைய குடும்பம், வக்கீல், போலீஸ் தரப்பு, கரெக்‌ஷன்ஸ் ஆள். குற்றத்தை ஒப்புக்கொண்டவர்கள் மட்டும்தான் இங்கே வர முடியும், பாலியல் குற்ற வழக்குகள் வராது. தண்டனையை முடிவு செய்வது நீதிபதிதான். ஆனால் அதற்கு முன்னால் எல்டர் பேசுவார், அந்தப் பேச்சு சும்மா அறிவுரை இல்லை, "உன் பாட்டியை எனக்குத் தெரியும், அவள் உன்னை எப்படி வளர்த்தாள் என்றும் தெரியும்" என்று ஆரம்பிக்கும்போது அதுவரை தரையைப் பார்த்துக்கொண்டிருந்த இளைஞன் நிமிர்வான். "மென்மையான கோர்ட்" என்று இதைச் சொல்கிறவர்கள் ஒருமுறை அந்த மேசையில் உட்கார்ந்து பார்க்கட்டும். யாரோ ஒரு அந்நியர் முன்னால் "யெஸ் யுவர் ஆனர்" சொல்லிவிட்டு வருவது இதைவிட ரொம்பச் சுலபம்.

சரி, இதில் அலுவலக உதவியாளருக்கு என்ன வேலை? அந்த இளைஞன் அன்றைக்கு அங்கே வந்து சேர வேண்டும், அவ்வளவுதான், ஆனால் அதற்குள்ளே எவ்வளவோ இருக்கிறது. கோர்ட் கடிதம் பழைய முகவரிக்குப் போயிருக்கும். ப்ரீபெய்ட் நம்பர் மாறியிருக்கும். அவன் எங்கே தங்கியிருக்கிறான் என்று தெரிந்த ஒரு ஆன்ட்டியைக் (சமூகத்தின் மூத்த பெண்களை மரியாதையாக அப்படித்தான் அழைப்பார்கள்) கூப்பிட வேண்டும், அந்த ஆன்ட்டியிடம் கோர்ட் என்ற சொல்லையே எடுக்கக் கூடாது, "எங்களுக்கு ஒரு போன் பண்ணச் சொல்லுங்கள்" என்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். கோர்ட் இருக்கிற ஊருக்குக் காலையில் பஸ் கிடையாது என்றால் யார் அந்தப் பக்கம் வண்டி ஓட்டுகிறார்கள் என்று முந்தின நாளே பார்த்து வைக்க வேண்டும். வராமல் போனால் வாரண்ட், வாரண்ட் என்றால் அடுத்த முறை போலீஸ் நிறுத்தும்போது நேரே செல். ஒரு போன் கால் தவறினால் இவ்வளவும் நடக்கும் என்பதால் யாருக்கு என்றைக்குக் கோர்ட் என்ற லிஸ்ட்டை நான் தினமும் காலையில் முதல் வேலையாகப் பார்ப்பேன், மற்ற ஈமெயிலெல்லாம் அப்புறம்தான்.

எனக்கு மிகவும் பிடித்த பகுதி அபராத வேலை. இதைப் பற்றி யாரும் பெரிதாகப் பேசுவதில்லை, ஆனால் என் பார்வையில் மொத்தத் திட்டத்திலும் கொடுத்த காசுக்கு அதிகப் பலன் தருவது இதுதான். எங்களிடம் இருந்த லோக்கல் ஜஸ்டிஸ் வொர்க்கரின் பொறுப்பு இது, பேப்பரை ஒழுங்குபடுத்துவது என் பங்கு. ஒருவர் சூப்பர்மார்க்கெட் பை நிறைய உறை பிரிக்காத கடிதங்களோடு வருவார். மேசை முழுக்கப் பரப்பி, ஒவ்வொன்றாகப் பிரித்து, தேதிப்படி அடுக்கி, அபராத எண்ணை வைத்து எது எதனுடைய தொடர்ச்சி என்று பார்க்க வேண்டும், ஏனென்றால் ஒரே அபராதம்தான் நோட்டீஸாக, நினைவூட்டலாக, இறுதிக் கோரிக்கையாக, கடைசியில் வாரண்டாக வந்திருக்கும், ஒவ்வொரு கட்டத்திலும் கட்டணம் ஏறியிருக்கும். பை நிறைய இருந்தது அடுக்கி முடிக்கும்போது மேசையில் சில சின்னக் கட்டுகளாகச் சுருங்கிவிடும். அதைப் பார்க்கும்போதே எதிரே இருப்பவர் மூச்சு விடுவது மாறும். அப்புறம் அவர் பக்கத்தில் இருக்க, ஸ்பீக்கரில் போட்டு, அபராதங்களைக் கையாளுகிற மாநில அரசு அமைப்பான ஃபைன்ஸ் விக்டோரியாவைக் கூப்பிட்டு, எது எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று உறுதி செய்துகொள்வோம்.

2017 முதல் வொர்க் அண்ட் டெவலப்மென்ட் பெர்மிட் என்று ஒரு வழி இருக்கிறது. மனநலப் பிரச்சினை, போதைப் பழக்கம், வீடில்லாமை, குடும்ப வன்முறை, கடும் பண நெருக்கடி போன்ற காரணங்கள் இருந்தால், பணத்துக்குப் பதிலாக சிகிச்சை, கவுன்சலிங், படிப்பு, சம்பளமில்லா வேலை என்று செய்து அபராதத்தைக் கழிக்கலாம். அதற்கு அங்கீகாரம் பெற்ற ஒரு அமைப்போ மருத்துவரோ ஸ்பான்சராக நிற்க வேண்டும். கோர்ட் போட்ட அபராதத்துக்கு இது செல்லாது, கோர்ட்டுக்குப் போகாமல் நோட்டீஸாக வருகிற இன்ஃப்ரிஞ்ச்மென்ட் அபராதத்துக்கு மட்டும். இதைத் தெரியாமல் எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு அனுப்பினால் நாள் வீணாகும், அதனால்தான் அந்த அடுக்குகிற வேலைக்கு இவ்வளவு மதிப்பு. ஒரு பெண்ணின் காரை முன்னாள் துணைவர் எடுத்து ஓட்டி டோல் அபராதமாக ஏற்றி வைத்திருந்தால், அந்தப் பெண்ணுக்கு குடும்ப வன்முறைக்கான தனி வழி ஒன்றும் இதே அபராதச் சட்டத்தில் உண்டு.

ஏன் இதை இவ்வளவு பெரிதாகச் சொல்கிறேன் என்றால், கட்டாத அபராதம் லைசென்ஸைப் பிடுங்கும். பஸ் இல்லாத ஊரில் லைசென்ஸ் இல்லாதவர் குழந்தைக்கு உடம்பு சரியில்லை என்றால் வண்டியை எடுக்கத்தான் செய்வார். மாட்டினால் அது அபராதம் தாண்டிக் கோர்ட் கேஸ். அது திரும்பத் திரும்ப நடந்தால் சிறை. பார்க்கிங் டிக்கெட்டில் ஆரம்பித்தது அங்கே போய் நிற்கும். இந்தச் சங்கிலியை ஆரம்பத்திலேயே அறுக்கிற இடம் அந்தக் கடிதம் பரப்பிய மேசைதான். வயதானவர்கள் சிலருக்குப் பிறப்பே பதிவாகியிருக்காது, பிறப்புச் சான்றிதழ் இல்லாமல் லைசென்ஸ் வாங்குவதும் கஷ்டம், அந்த விண்ணப்பத்தையும் நாங்களே பிடித்து முடித்துக் கொடுப்போம்.

இனி குறைகள். முதலாவது, எல்டர்களுக்குப் பணம் கொடுக்கும் விதம். ஒரு ஆன்ட்டி கூட்டத்தைத் தொடங்கி வைத்து வெல்கம் டு கன்ட்ரி (அந்த நிலத்தின் பூர்வகுடி மக்கள் சார்பில் வரவேற்பு) சொல்கிறார், அப்புறம் மதியம் வரைக்கும் உட்கார்ந்து ஆலோசனை கொடுக்கிறார். கணக்குப் பிரிவின் படிவம் அவரிடம் ஏபிஎன் என்கிற வியாபாரப் பதிவு எண் கேட்கிறது. எண் இல்லையென்றால் வரி விதிப்படி 47% பிடித்துக்கொண்டுதான் கொடுக்க வேண்டும், விலக்குக்குப் பொருந்துகிறவர் என்றால் அதற்கென இருக்கிற ஒரு பக்க உறுதிமொழிப் படிவத்தை முன்கூட்டியே கையெழுத்து வாங்கி இணைத்துவிடலாம். இது தெரிந்த ஆள் அலுவலகத்தில் இருந்தால் பிரச்சினையே இல்லை. ஆனால் எங்கள் பணத்தைக் கையாண்ட தலைமை அலுவலகம் எல்டரையும் ஸ்டேஷனரி விற்கிற கம்பெனியையும் ஒரே வரிசையில் நிறுத்தியது, மாதக் கடைசிக்கு முன்னால் பணம் போகாது என்றார்கள். எழுபது வயதைத் தாண்டியவர், பெட்ரோல் செலவைத் தன் பென்ஷனில் போட்டு வந்தவர், அவரிடம் இன்னும் வரவில்லை என்று நான் எத்தனை முறை சொல்வது? ஆலோசகர் கம்பெனிகளுக்கு ஒரு நாள் தாமதமானால் வட்டி கேட்பார்கள், எல்டர்கள் கேட்கமாட்டார்கள் என்பதற்காகவே அவர்களைக் காக்க வைப்பது எனக்கு இன்றைக்கும் ஆத்திரம் வருகிற விஷயம்.

இரண்டாவது, பணம் கொடுக்கிறவர்களின் காலண்டர். சமூகத்தில் ஒரு மரணம் நடந்தால் அந்த வாரம், சில சமயம் அதற்கு மேலும், எல்லாம் நின்றுவிடும். சாரி பிசினஸ் என்பார்கள். கூட்டம் தள்ளிப் போகும், பயிற்சி தள்ளிப் போகும், செய்திமடலில் இறந்தவரின் படமோ பெயரோ இருந்தால் குடும்பத்தைக் கேட்காமல் அச்சுக்கே போகக் கூடாது. இதெல்லாம் சரியானதுதான், நம் ஊரில் சாவு வீட்டை வைத்துக்கொண்டு யார் மீட்டிங் போடுவார்கள்? ஆனால் காலாண்டு அறிக்கைப் படிவத்தில் இதற்கு இடமே கிடையாது, திட்டமிட்டது எத்தனை, நடந்தது எத்தனை என்று இரண்டு கட்டம் மட்டும். அந்த இளைஞன் கோர்ட்டுக்கு வந்து சேர்ந்ததையோ அந்தப் பை காலியானதையோ எழுதவும் கட்டம் இல்லை. நான் ப்ராஜெக்ட் பிளான் போடும்போது ஒவ்வொரு காலாண்டிலும் இடைவெளி விட்டே போட ஆரம்பித்தேன், படிவத்தின் பின்னால் நடந்ததை ஒரு பக்கம் எழுதி இணைப்பேன். படித்தார்களா தெரியாது, ஆனால் எங்கள் குழுவின் தலைவர் அதை அடுத்த கூட்டத்தில் வாசிக்கச் சொன்னார், எனக்கு அது போதும். அதோடு நிதியாண்டு முடிகிற ஒவ்வொரு ஜூனிலும் அடுத்த வருஷப் பணம் வருமா என்ற கேள்வி. நல்ல ஆட்கள் ஏப்ரலிலேயே வேறு வேலை தேட ஆரம்பித்துவிடுவார்கள், அவர்களோடு அவர்கள் சம்பாதித்த நம்பிக்கையும் போய்விடும்.

விண்ணப்பிக்க நினைக்கிறவர்களுக்கு. சில பணியிடங்கள் பூர்வகுடி மக்களுக்கென்றே ஒதுக்கப்பட்டவை, விளம்பரத்தில் தெளிவாகப் போட்டிருக்கும், அவற்றுக்கு விண்ணப்பிக்காதீர்கள். ஒதுக்கப்படாத இடம் என்றாலும், அங்கே போகிறவர் அந்த இடத்தை ஊரைச் சேர்ந்த ஒருவருக்குப் பழக்கிக் கொடுத்துவிட்டு வர வேண்டும் என்பது என் கருத்து. என் இடத்துக்கு வந்த ட்ரெய்னிக்கு எக்ஸெல் நான் சொல்லிக் கொடுத்தேன், ஆனால் யார் யாருடைய மருமகன், எந்த இரண்டு குடும்பத்தை ஒரே காரில் ஏற்றக் கூடாது என்பதெல்லாம் அவருக்குப் பிறந்ததிலிருந்தே தெரியும், அதை யாரும் கையேட்டில் எழுதி வைக்க முடியாது. மினிட்ஸ் எழுதும்போது எல்டர் சொன்னதை அதிகாரியின் மொழியில் திருத்தாதீர்கள், சொன்னபடியே போடுங்கள். அங்கிள், ஆன்ட்டி என்று எல்லாரும் கூப்பிடுகிறார்களே என்று முதல் நாளே நீங்களும் ஆரம்பிக்க வேண்டாம், உங்களுக்கு அப்படி அறிமுகப்படுத்திய பிறகு கூப்பிடலாம். அதிகம் கேளுங்கள், குறைவாகப் பேசுங்கள், உங்கள் நாட்டில் நடந்ததைச் சொல்லி ஒப்பிடுவதை அவர்கள் கேட்டால் மட்டும் செய்யுங்கள். என்னிடம் கேட்டார்கள், நிறையவே கேட்டார்கள், அது வேறு விஷயம்.

இன்டர்வியூவில் "எங்களிடம் ஏதாவது கேட்க வேண்டுமா" என்று கடைசியில் கேட்பார்களே, அப்போது இவற்றைக் கேளுங்கள்: எல்டர்களுக்கான பணம் எத்தனை நாளில் போய்ச் சேர்கிறது, யார் கையெழுத்துப் போடுகிறார்கள், நிதி எந்த வருஷம் வரை உறுதி, எனக்கு மேலே இருப்பவர் சமூகத்தைச் சேர்ந்தவரா, கோர்ட் நாட்களில் அலுவலகக் கார் எங்கள் கையில் இருக்குமா. முதல் கேள்விக்கே ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள் என்றால் வேறு ஊரில் இதே மாதிரித் திட்டம் இருக்கும், அங்கே விண்ணப்பியுங்கள்.